கசில்தாவும் ஹினேஸும் மறைத்துவைத்த அறை

யெசேராஸில் கசில்தாவுக்குக் கோபக்காரி என்று பெயர் வந்தது அறுபது வயதுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ஊரில் அவளைப் பற்றிப் பேச இரண்டே விஷயம் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் அவள் கிண்டும் பயறின் ருசி எந்த வீட்டிலும் வராது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் தபால்காரன் ஹினேஸோடு ஏதாவது பொந்துக்குள் புழுபோல ஊர்ந்துகொண்டிருப்பாள் என்பார்கள்.

ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் ஜிப்சம் குன்று. ஆகஸ்டு மாத வெயிலில் அந்தப் பக்கம் வெறும் கண்ணோடு பார்க்க முடியாது. மண்ணுக்குப் பதில் உடைந்த கண்ணாடியைக் கொட்டிவைத்ததுபோல் தரை மினுங்கும். வருஷத்துக்கு நாலைந்து நாள் பெய்கிற மழை அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து அடியில் ஆயிரம் ஓட்டை போட்டிருக்கிறது. ஆடு மேய்ப்பவர்களுக்கு அது தொல்லை. கால் தவறிய ஆடு போனது போனதுதான்.

கசில்தாவின் அப்பாவும் ஆடு வைத்திருந்தவர். அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது சினை ஆடு ஒன்று குழிக்குள் விழுந்து கத்திக்கொண்டிருந்தது. அவள் உடம்பு அப்போதும் ஒல்லி, இப்போதும் ஒல்லி. இடுப்பில் கயிறு கட்டி அவளை இறக்க அப்பா முடிவுசெய்தபோது, மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் கடிதப் பையோடு போன ஹினேஸ் இறங்கி வந்து பிடித்தான். ஆடு உயிரோடு மேலே வந்தது. ஆனால் கசில்தா உடனே வரவில்லை.

"ஏய் பொண்ணே, கயித்த ஆட்டு! உசிரோட இருக்கியா?" என்று ஹினேஸ் மேலிருந்து கத்தினான்.

"இருக்கேன். விளக்கு இருந்தா கீழ போடு. இது உள்ள போய்க்கிட்டே இருக்கு!"

அன்று ஆரம்பித்தது. ஹினேஸ் அவளைவிட எட்டு வயது மூத்தவன், ஏற்கனவே கல்யாணமானவன். கடிதம் கொண்டுபோகும் வழியில் எல்லாக் குழிகளையும் பார்த்துவைத்திருந்தான். கோடு போடவும் அளக்கவும் அவனுக்குக் கை வரும். அவளுக்கு உடம்பு வளையும். எலி போகும் இடுக்கு என்றால் அவளும் போவாள். அவள் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்வாள், அவன் வரைவான். இரண்டு வருஷம் கழித்து அவள் அமதோரைக் கட்டிக்கொண்டாள். அமதோருக்கு ஒலிவ எண்ணெய் ஆலையில் வேலை. அவன் குகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். லிப்டில் ஏறவே பயப்படுகிறவன். மதுக்கடையில் ஆட்கள் அவனைச் சீண்டுவார்கள்.

"என்னப்பா அமதோர், உன் பொண்டாட்டியும் தபால்காரனும் பூமிக்கடியில என்ன தபால் பிரிக்கிறாங்களாம்?"

"நீயும் போய்ப் பாரேன். உன் தொந்தி வாசல்லயே மாட்டிக்கும். நான் வந்து ஒரு உதை விட்டு உள்ள தள்ளுறேன்" என்பான் அமதோர். கடை சிரிக்கும், அதோடு முடியும்.

முதல் குகை, அந்த ஆடு விழுந்த குகை, இரண்டே கோடையில் நாசமானது. அது கசில்தாவால் வந்தது. தன் சித்தி மகளிடம் ஆசையாகச் சொன்னாள். சித்தி மகள் தன் மாப்பிள்ளையிடம் சொன்னாள். மாப்பிள்ளை சுத்தியலோடு நண்பர்களைக் கூட்டிப் போனான். அடுத்த வருஷம் கடற்கரைக்குப் போகும் சாலையோரம் தார்ப்பாய் விரித்து குகைச் சுவரிலிருந்து உடைத்தெடுத்த ஜிப்சம் படிகங்களை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றார்கள். கசில்தா பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்தாள். ஒரு துண்டை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வாள் போல நீண்டு முனையில் இரண்டாகப் பிரிந்த துண்டு. பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், அவளுக்கு முப்பத்துமூன்று வயது, மகள் நியேவெஸ் பிறந்து ஒன்பது மாதம். ஊருக்கு வடக்கே கள்ளிப்பழக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஓட்டையிலிருந்து காற்று வருவதைக் கன்னத்தில் உணர்ந்தாள். காற்று வந்தால் உள்ளே பெரிய இடம் இருக்கிறது என்று பொருள். ஒன்பது மீட்டர் தூரம் மூச்சை வெளியே விட்டுவிட்டுத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தபடி ஊர்ந்தாள். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு கால்மணி நேரம் அசையாமல் கிடந்தாள். அதற்கப்புறம் கை வெறும் காற்றைத் தொட்டது.

கார்பைடு விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது அவளுக்கு முதலில் வந்தது பயம். தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாக நினைத்தாள். சுவர், கூரை, தரை எங்கும் ஆள் நீளத்துக்குப் படிகங்கள். அவ்வளவு தெளிவு, பின்னால் இருந்த சிவப்புப் பாறையின் கோடுகூடத் தெரிந்தது. கூரையிலிருந்து தலைமுடி போன்ற ஊசிகள் தொங்கின. அவள் மூச்சுக் காற்றுப் பட்டு அவை ஆடின, ஒன்றிரண்டு உதிர்ந்தன. ஒரு மூலையில் தண்ணீர் சொட்டி, குழந்தையின் குளியல் தொட்டி அளவுக்குத் தேங்கியிருந்தது. அந்தச் சொட்டு ஓசையைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மூக்கால் மெதுவாக மூச்சு விட்டாள்.

வெளியே வந்து ஹினேஸிடம் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. அவன் தோள் அந்த இடுக்கில் நுழையாது.

"நீ பாத்துட்ட. எனக்குப் போதும். சொல்லு, வரையறேன்" என்றான்.

"சொல்லி வரையற இடமில்ல அது. நீ பாக்கணும்."

நாலு மாதம் பிடித்தது. ஞாயிறுதோறும் கசில்தா குப்புறப் படுத்து, இடுக்கின் தரையில் கெட்டித்துப்போயிருந்த சேற்றைக் கரண்டியால் சுரண்டி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காலால் பின்னுக்குத் தள்ளுவாள். ஹினேஸ் கயிறு கட்டி டப்பாவை வெளியே இழுப்பான். பால் குடிக்கும் குழந்தையை அமதோரிடம் விட்டுவிட்டு அவள் செய்த வேலை அது. நாலாம் மாதம் ஹினேஸ் சட்டையெல்லாம் கிழிந்து உள்ளே வந்து சேர்ந்தான். விளக்கைத் தூக்கினான். அப்புறம் கீழே உட்கார்ந்து அழுதான்.

அழுது முடித்துவிட்டு அவன்தான் சொன்னான். "கசில்தா, இது நம்ம ரெண்டு பேரோட முடியணும். ஆட்டுக் குழிக்கு ஆனது இதுக்கு ஆகக்கூடாது."

"நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"அமதோர்கிட்டகூட வேண்டாம். அவன் நல்லவன்தான். ஆனா மதுக்கடையில ஒரு கிளாஸ் கூடப் போனா வாய் நிக்காது. நானும் பல்பினாகிட்ட சொல்லமாட்டேன்." பல்பினா அவன் மனைவி. "சத்தியமா?"

"சத்தியமா" என்றாள் கசில்தா. ஆட்டுக் குழியின் குற்றம் அவள் தலையில் இருந்தது. புருஷனிடம் மறைக்கச் சொல்கிறானே என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பக்கத்து வீடு'. நாலு பேர் நடுவிலும் பேச வசதி. "பக்கத்து வீட்டுக்கு எப்போ போறோம்?" என்பான் கடிதத்தை நீட்டிக்கொண்டே. "ஈஸ்டர் முடியட்டும்" என்பாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, அதற்கு மேல் இல்லை. உள்ளே போனால் செருப்பைக் கழற்றிவிட்டு உறை போட்ட காலோடு ஒரே தடத்தில் நடப்பார்கள். ஒரே கல்லில் உட்காருவார்கள். கிசுகிசுப்பாகத்தான் பேசுவார்கள். மற்ற குகைகளின் வரைபடங்களை ஹினேஸ் கிரனாடாவில் உள்ள குகைச் சங்கத்துக்கு அனுப்புவான். பக்கத்து வீட்டின் வரைபடம் மட்டும் அவன் அலமாரியில் அடியில் கிடந்தது.

இப்படியே இருபத்தைந்து வருஷம் போயிற்று. பீசெட்டா போய் யூரோ வந்தது. நியேவெஸ் வளர்ந்து, முர்சியாவில் வேலைக்குப் போய், அங்கேயே ஒருத்தனோடு குடும்பம் நடத்தி, அது சரிப்படாமல் தனியாக ஒரு குழந்தையோடு இருந்தாள். பல்பினாவுக்குப் புற்றுநோய் வந்தது. கடைசி மூன்று மாதம் கசில்தா தினமும் பள்ளிக்கூடம் முடிந்து அங்கே போய் அவளுக்குச் சூப் ஊட்டினாள். பல்பினாவின் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்குத் தெரியாமல் இவள் புருஷனோடு ஒரு ரகசியம் வைத்திருக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தும். ஒருநாள் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். சத்தியம் ஞாபகம் வந்து பேசாமல் இருந்தாள்.

பல்பினா போனதற்கு அடுத்த வருஷம் ஹினேஸ் ஓய்வு பெற்றான்.

இரண்டாயிரத்துப் பதினாறு, பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடத்தில் அன்று சோரிசோ இறைச்சி போட்ட பயறு. முப்பத்தோரு பிள்ளைகளுக்குக் கசில்தா பரிமாறிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பெண் ஒருத்தி தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நீலக் கலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தாள எடும்மா, குழம்பு சிந்திரும்."

"கசில்தா, நான் நீலம் அடிக்கட்டுமா, ரோஸ் அடிக்கட்டுமா?"

"என்ன படம் இது?"

"நம்ம ஊருக்குக் கீழ இருக்கிற குகை. மேயர் போட்டி வெச்சிருக்காரு. நல்லா அடிக்கிறவங்களுக்கு சைக்கிள்."

கசில்தா குனிந்து பார்த்தாள். ஒன்பது மீட்டர் இடுக்கு, வலப்பக்கம் திரும்பும் வளைவு, தண்ணீர் தேங்கும் மூலை. வடக்கைக் காட்டும் அம்புக்குறியின் வாலை ஹினேஸ் எப்போதும் மீன் வால்போல இரண்டாகப் பிளந்து போடுவான். அது அங்கே இருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'தேவதைகளின் அரண்மனை' என்று அச்சடித்திருந்தது.

"ரோஸ் அடி" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னாள். மிச்சமிருந்த பதினாலு பேருக்கும் பரிமாறினாள். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஹினேஸ் வீட்டுக்கு நடந்தாள்.

அவன் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கத்தியை வைத்தான். தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"உள்ள வா. உக்காரு."

"நின்னுக்கறேன். யார்கிட்ட குடுத்த?"

"மேயர்கிட்ட. அதுக்கு முன்னாடி சங்கத்துல ஒருத்தர்கிட்ட பேசினேன். நானே வந்து சொல்லணும்னுதான்..."

"எப்போ?"

"போன செப்டம்பர்ல."

கசில்தா மனசுக்குள் மாதங்களை எண்ணினாள். நவம்பரில் இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். அன்று ஹினேஸ் லேசரில் தூரம் அளக்கும் புதுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். எதுக்கு என்று கேட்டபோது, பழைய வரைபடத்தில் ஒரு மீட்டர் இடிக்கிறது என்றான். எதிர்ச் சுவருக்குப் பக்கத்தில் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு மணி நேரம் நின்றாள். கை வலித்தது. "இன்னும் கொஞ்சம் மேல, மேல... அவ்ளோதான், ராணி மாதிரி நிக்கிற" என்று அவன் சிரித்தான்.

"அன்னிக்கு அளந்தது, ஆளுங்க நடந்து போக சுரங்கப் பாதை வெட்டவா?" என்று கேட்டாள்.

ஹினேஸ் ஆரஞ்சைப் பார்த்தான்.

"என் கையாலயே பிடிக்க வெச்சியா?"

"கேளு கசில்தா. பள்ளிக்கூடத்துல எத்தன பசங்க இருக்காங்க? நீதான சோறு போடுற. இருபத்தஞ்சுக்குக் கீழ போனா மூடிருவான். அப்புறம் யார் இருப்பா இந்த ஊர்ல? நானும் நீயும் கள்ளிச்செடியும். குகையத் தொறந்தா ஆள் வரும், வேலை வரும். உன் நியேவெஸ் திரும்பி வரலாம்."

"இத என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் சொல்லல."

அவள் அங்கேயே நின்றாள். போகாமல் நின்றது அவனுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான்.

"ரெண்டு கிழடுங்க சாகும்போது அதையும் குழியில போட்டு மூடணுமா? பல்பினாவும் அதத்தான் சொல்லுவா. 'உங்க ரெண்டு பேருக்கும் அப்புறம் அந்த அறைய யாரு பாப்பா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

கசில்தா அவன் கையை எடுத்துவிட்டாள்.

"பல்பினாவுக்கு எப்படித் தெரியும்?"

ஹினேஸ் வாயை மூடிக்கொண்டான். ஆனால் வார்த்தை அதற்குள் வெளியே வந்துவிட்டிருந்தது.

"எப்போ சொன்ன?"

"அன்னிக்கே. தொண்ணூத்தொண்ணுல. சட்டையெல்லாம் கிழிஞ்சு வீட்டுக்குப் போறேன், கேக்கமாட்டாளா? பொண்டாட்டி. அவகிட்ட எப்படி மறைக்கறது?"

சூப் ஊட்டிய மூன்று மாதமும் கசில்தாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் வந்து போனது. பல்பினாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இவள்தான் குற்றவாளிபோல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"நான் மறைச்சேனே, ஹினேஸ்" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அமதோரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் அவன் கோபப்பட்டு ஹினேஸ் வீட்டுக் கதவை உடைப்பான் என்று எதிர்பார்த்தாள். அமதோர் சாப்பாட்டு மேஜையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரு இடத்தில் சேர்த்துக்கொண்டே கேட்டான்.

"பிள்ளைக்கு ஒன்பது மாசம். ஞாயித்துக்கிழமை பூரா அழும். நீ சேறு சுரண்டப் போயிருந்தியா?"

"ஆமா."

"மதுக்கடையில எவ்வளவு பேசினானுங்க. நான் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன் தெரியுமா? என் பொண்டாட்டி என்கிட்ட எதையும் ஒளிக்கமாட்டான்னு."

"அமதோர், அது அந்த மாதிரி இல்ல..."

"அந்த மாதிரி இல்லன்னு எனக்கும் தெரியும். அப்படி இருந்தாக்கூட எனக்குப் புரியும். இருபத்தஞ்சு வருஷம் ஒரு அறையை ஒளிச்சு வெச்சிருக்கீங்க. அவன் பொண்டாட்டிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு வாய் நிக்காதுன்னு அவன் சொன்னான், நீயும் சரின்னுட்ட."

ஒன்பது நாள் அவன் ஆலையிலிருந்து வந்து தனியாகச் சாப்பிட்டான். பத்தாம் நாள் மழை பெய்தது. அந்தப் பக்கத்தில் மழை வந்தால் எல்லா வீட்டிலும் உப்புமா போன்ற மீகாஸ் கிண்டுவார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் வாணலியை எடுத்து எண்ணெயில் பூண்டைப் போட்டு மாவைக் கிண்ட ஆரம்பித்தான். கசில்தா மீனைப் பொரித்தாள். இருவரும் ஒரே வாணலியிலிருந்து சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மதுக்கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான். சீண்டினால் திருப்பிச் சொல்ல முன்புபோல் அவனுக்கு வாய் வரவில்லை.

சுரங்கம் வெட்ட இரண்டு வருஷம் ஆயிற்று. கள்ளிப்பழக் காடு போய் வண்டி நிறுத்துமிடம் வந்தது. வாசலில் வைத்த பலகையில், இதைக் கண்டுபிடித்தவர் ஹினேஸ் என்று மட்டும் இருந்தது. அது ஊரில் எல்லாருக்கும் தப்பாகப் பட்டது. கசில்தா ஹினேஸோடு பேசுவதில்லை என்பதையும் ஊர் கவனித்திருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்.

"பேரப் போடலன்னா யாருக்குத்தான் எரியாது? நியாயமான கோவம்தான்" என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"எனக்குப் பேரெல்லாம் வேண்டாம்" என்றாள் கசில்தா.

"பாத்தியா, இன்னும் எரியுது" என்று பின்னால் நின்றவள் சொன்னது அவள் காதில் விழுந்தது.

விளக்கிச் சொல்ல அவள் முயன்றாள். மறைத்து வைத்ததே சரி என்று இப்போது யாரிடம் சொல்வது? வேலை கிடைத்தவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரில் நியேவெஸும் ஒருத்தி. முர்சியாவிலிருந்து குழந்தையோடு பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள். பச்சைச் சட்டையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "எப்படிம்மா இருக்கேன்?" என்று கேட்டபோது கசில்தா அவள் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

திறப்பு விழா ஜூன் மாதம். வாசலில் மேடை, வாத்தியம், மாகாணத்திலிருந்து வந்த பெரிய மனிதர்கள். கசில்தா மகளுக்காகத்தான் போனாள். நாலாவது வரிசையில் அமதோரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேயர் ஹினேஸுக்குப் பதக்கம் அணிவித்தார். ஹினேஸ் மைக்கைப் பிடித்தான்.

"இத நான் மட்டும் கண்டுபிடிக்கல. மொத மொதல்ல உள்ள போனது கசில்தா. நம்ம பள்ளிக்கூடத்துக் கசில்தா. பலகையில அவ பேரு விட்டுப்போச்சு. அது என் தப்பு. அவளுக்கு என்மேல கோவம், ரெண்டு வருஷமா பேசல. நியாயம்தான். பேருன்னா யாருக்கும் ஆசை இருக்கும்ல. கசில்தா, மேல வா. மன்னிச்சிரு. நாளைக்கே பேரப் போட்டுர்றோம்."

கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முதுகில் தட்டினார்கள். யாரோ அழுதார்கள்.

கசில்தா அவனையே பார்த்தாள். அவள் எதற்காகப் பேசவில்லை என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒன்று அமதோர், இன்னொன்று இவன். தெரிந்த ஒருத்தன் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்க வேறு காரணத்தைச் சொல்லிவிட்டான். இனி இவள் எது சொன்னாலும் எடுபடாது. மேடையில் அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதி. அவன் வேண்டுமென்று செய்தானா, தனக்கே அப்படிச் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மேடைக்குப் பக்கத்தில் பச்சைச் சட்டையோடு நியேவெஸ் நின்றாள். "போம்மா" என்று உதடு அசைத்தாள்.

கசில்தா எழுந்தாள். எல்லாரும் வழிவிட்டார்கள். அவள் மேடைப் பக்கம் திரும்பாமல் வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்துவிட்டாள். அமதோரும் எழுந்து பின்னாலேயே போனான். கைதட்டல் பாதியில் நின்றது.

அன்றுதான் கோபக்காரி என்ற பெயர் வந்தது. மன்னிப்புக் கேட்ட மனுஷனை மதிக்காதவள் என்றார்கள். பலகை மாற்றப்பட்டது. அதில் இப்போது அவள் பெயர் முதலில் இருக்கிறது.

அன்று மாலை நியேவெஸ் வந்து சத்தம் போட்டாள். "என் முதலாளிங்க முன்னாடி என்னை இப்படி அவமானப்படுத்தணுமா? ஒரு பேருக்கா இவ்ளோ?"

"பேருக்கு இல்லடி."

"அப்புறம் எதுக்கு?"

சொன்னால், அந்தக் குகையைத் திறந்திருக்கவே கூடாது என்று சொல்ல வேண்டும். அந்தக் குகையில்தான் மகள் சம்பளம் வாங்குகிறாள், பேத்தி பக்கத்து அறையில் தூங்குகிறாள். கசில்தா, "எனக்கு வயசாயிருச்சு, விடு" என்றாள்.

எட்டு மாதம் கழித்து, பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து மகள் அவளை வற்புறுத்திக் கூட்டிப்போனாள். ஏழு டச்சுக்காரர்களோடு கசில்தாவும் சிமெண்டுப் படியில் இறங்கினாள். குனிய வேண்டிய இடமே இல்லை. நடந்தே உள்ளே போனார்கள். நியேவெஸ் பொத்தானை அழுத்தினாள். நீலம், ஊதா, பச்சை என்று விளக்குகள் மாறின.

கூரையில் தொங்கிய ஊசிகள் ஒன்றுகூட இல்லை. கை எட்டும் உயரத்தில் இருந்த படிகங்களின் முனைகள் முறிந்திருந்தன. எட்டாத உயரத்தில் இருந்தவை முழுசாக இருந்தன. ஆனால் பனி படிந்த ஜன்னல்போல் வெளுத்துப்போயிருந்தன. பின்னால் இருக்கும் சிவப்புப் பாறை தெரியவில்லை. டச்சுக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒருத்தி மார்பில் கை வைத்துக்கொண்டாள். இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாதவர்களுக்கு அது இன்னும் அழகான இடம்தான். அதைக் கசில்தாவால் மறுக்க முடியவில்லை.

நியேவெஸ் கதை சொன்னாள். ஒரு தபால்காரரும் ஒரு சமையல்காரம்மாவும் நாலு மாதம் சேறு சுரண்டிய கதை. நன்றாகச் சொன்னாள், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சத்தியம் அந்தக் கதையில் இல்லை. அது அவளுக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "எப்படிம்மா?"

"நல்லாப் பேசுற."

"அது இல்ல, குகை."

"அந்த மூலையில தண்ணி சொட்டுமே. எப்போ நின்னுச்சு?"

"எந்தத் தண்ணி?" என்றாள் நியேவெஸ்.

அதற்குப் பிறகு கசில்தா எந்தக் குகைக்குள்ளும் போகவில்லை. முழங்கால் வலி என்று கேட்பவர்களிடம் சொன்னாள். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. பழைய கயிறுகளை அமதோர் ஒலிவ மரக் கிளைகளை இழுத்துக்கட்ட எடுத்துக்கொண்டான்.

ஹினேஸ் விடவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினான். ஒரு தடவை வாசல்வரை வந்து அமதோரைப் பார்த்ததும் திரும்பிப் போனான். சின்ன ஊரில் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் எவ்வளவு நாள் இருக்க முடியும்? ஒருநாள் காலை ரொட்டிக்கடை வரிசையில் கசில்தாவுக்கு அடுத்த ஆளாக அவன் வந்து நின்றான். எழுபது தாண்டிவிட்டது, கையில் ஊன்றுகோல்.

"காலை வணக்கம், கசில்தா" என்றான் தயங்கி.

"காலை வணக்கம், ஹினேஸ். முழங்கால் எப்படி இருக்கு?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முழங்காலைப் பற்றி, மாத்திரையைப் பற்றி, தெர்ராசா நகரத்தில் இருக்கும் மகள் தன்னை வந்துவிடச் சொல்வதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். அவள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாள், அப்படியா என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னாள். மறுநாளும் அப்படித்தான். வாரக்கணக்கில் அப்படித்தான். ஒருநாள் கடைக்கு வெளியே வந்ததும் அவன் ஊன்றுகோலை நிலத்தில் குத்தி நின்றான்.

"எத்தன நாளைக்கு என்னை இப்படித் தண்டிப்ப?"

"நான் என்ன செஞ்சேன்? பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

"இதுக்குப் பேரு பேச்சா?"

"ஊர்ல எல்லார்கிட்டயும் எப்படிப் பேசுவேனோ, உன்கிட்டயும் அப்படித்தான் பேசுறேன். அதுல என்ன குறை?"

அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். அவளுக்கு வருத்தமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான், முதல் தடவை அந்த அறையில் அழுததுபோல. அந்த வார்த்தை அவளிடம் இல்லை. தேடிப் பார்த்தாள், நிஜமாகவே இல்லை.

"பாத்துப் போ. முனையில ரோடு தோண்டிப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அந்த வருஷம் அங்கே நாற்பத்திரண்டு பிள்ளைகள். பயறை முன்னமே ஊறப்போட்டாக வேண்டும்.